பத்து ஒன்பதைவிடச் சிறியதா என்று கேட்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, தொழிற்சாலை வாசலில் வெல்டர் கருப்பையா நின்றுகொண்டிருந்தார். முதல் ஷிப்ட் ஏழு மணிக்கே தொடங்கிவிடும். அந்நேரத்தில் அவர் வெளியே நிற்கக் காரணமே இல்லை. என்னைக் கண்டதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகே வந்தார்.

“சூசை சார் போயிட்டாருங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு. ஆட்டோ கொண்டாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. உங்களுக்கு நேர்ல சொல்லணும்னுதான் நின்னேன்.”

எனக்கு உடனே அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம்தான். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நான் சில ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இனி எப்படிச் சொல்வது என்ற பயம். அதை இந்தக் கட்டுரையில் சொல்லிவிடுகிறேன். நம் ஊழியர் மன்றத்தின் இதழில் அஞ்சலி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருந்தும் நானாகக் கேட்டு வாங்கி எழுதுவது அதற்காகத்தான்.

திரு. சூசைராஜ் அவர்களை அறியாத புதியவர்களுக்காகச் சில வரிகள். நம் தொழிற்சாலை பெரிய ஆலைகளுக்குக் கொதிகலன் பாகங்கள் செய்து கொடுக்கிறது. வெல்டர்கள் பற்றவைத்த இரும்புப் பட்டைகளை ஓர் இயந்திரத்தில் மாட்டி, உடையும்வரை இழுப்பார்கள். எத்தனை டன்னில் உடைந்தது என்று டயலில் உள்ள முள் காட்டும். அந்த முள்ளைப் பார்த்து எழுதும் இன்ஸ்பெக்டராகச் சூசைராஜ் அவர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தார்கள். கடைசிவரை அதே இன்ஸ்பெக்டராகவே இருந்தார்கள். ஏன் அதற்குமேல் போகவில்லை என்பதும் நான் சொல்ல வேண்டியதில் அடக்கம்.

நான் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் திட்டப் பிரிவில் கிளார்க்காக வந்தேன். ஸ்ரீரங்கத்துப் பையன், கணிதத்தில் பட்டம், அதற்குரிய திமிர் எல்லாம் சேர்ந்திருந்தது. சோதனைக் கூடத்திலிருந்து வரும் தாள்களைப் பார்த்து அழகாகப் பிரதி எடுப்பது என் வேலை. பத்திகள் ஒரே அகலமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் 9.4 என்று எழுதியதை நான் 9.40 என்று எழுதினேன். மறுநாளே தாளோடு வந்து நின்றார்கள்.

“சார், நான் 9.4ன்னு எழுதினேன். நீங்க 9.40ன்னு போட்டிருக்கீங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்.”

“உங்களுக்கு ஒண்ணு. எனக்கு இல்லீங்க. அந்தப் பூஜ்யத்தை நான் பாக்கலை. எங்க டயல்ல அவ்வளவு கோடு கிடையாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பட்டம் வாங்கிய நான் பத்தி அழகாக இருக்க ஒரு பொய் எழுதியிருக்கிறேன் என்பது விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. அன்று முழுவதும் உட்கார்ந்து எல்லாப் பூஜ்யங்களையும் அடித்தேன்.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் எண்ணை எழுதியதும் அதை ஒட்டி ஒரு சிறு கோடு இழுத்து மூடுவார்கள். முன்பு வேலை பார்த்த பட்டறையில் இவர் 9 என்று எழுதியதற்குப் பக்கத்தில் யாரோ ஒரு புள்ளியும் எட்டும் சேர்த்துவிட்டார்கள். தேறாத சரக்கு தேறியதாக வெளியே போனது. போன இடத்தில் ஒரு தொழிலாளிக்குக் கை போனது. தாளின் அடியில் இருந்தது இவருடைய கையெழுத்து. “நம்பர் முடிஞ்சா கதவைச் சாத்திடணும் சார்” என்பார்கள். அந்தக் கோடு அப்படி வந்தது.

எண்பதுகளின் நடுவில் நம் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். குளிர்சாதன அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜையன்று விசைப்பலகைக்குச் சந்தனம் வைத்ததில் இரண்டு எழுத்துகள் ஒரு வாரம் அழுந்தாமல் போயின. மூன்று மாதப் பயிற்சிக்கு மதராஸ் அனுப்பப்பட்டு, அந்த அறைக்குப் பொறுப்பாளனாகத் திரும்பியவன் நான்.

அந்தக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத ஒரு சின்ன மொழி இருந்தது. இரண்டு வரி எழுதினால் உடனே ஓடும். மற்ற மொழிகளைப் போல, இது எண், இது எழுத்து என்று முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லை. வருவதைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். எண்ணைப் போல இருந்தால் எண், இல்லாவிட்டால் எழுத்து. அந்தச் சலுகை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சோதனைக் கூடத்தின் அன்றாட அறிக்கையை அதில்தான் எழுதினேன். ஒரு வெல்டரின் மூன்று பட்டைகள் 9.7, 9.7, 9.8 டன்னில் உடைந்திருந்தால் சராசரி 9.73333 என்று அச்சாகி வரும். முதல் அறிக்கையைப் பெருமையோடு சூசை சாரிடம் நீட்டினேன்.

“புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர் வரைக்கும் நான் பாத்தேன். மீதி நாலு மூணையும் யாரு சார் பாத்தது?” என்றார்கள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மறுநாள் அறிக்கையை ஒரு தசமத்தோடு நிறுத்தினேன்.

அதற்கு அடுத்த ஆண்டு வேலைநிறுத்தம் நடந்தது. சோதனைக் கூடத்துச் சாவி தன்னிடம் இருக்கிறது என்று சொல்லிச் சூசை சார் மட்டும் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வெல்டர்களில் சிலருக்கு அதில் கோபம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் வெல்டர்களுக்கான ஆண்டுத் தேர்வு வந்தது. ஒவ்வொருவரும் மூன்று பட்டைகள் பற்றவைக்க வேண்டும். மூன்றில் குறைந்த அளவை மட்டும் தாளில் எழுதுவார்கள், அது 9.5 டன்னாவது இருந்தால் தேர்ச்சி. பாதிப் பேரைச் சூசை சாரும் மீதிப் பேரை இன்னொரு இன்ஸ்பெக்டரும் சோதித்தார்கள். தாள்களில் இருந்ததை அப்படியே தட்டெழுதி கம்ப்யூட்டரில் ஏற்றினோம். 9.5உடன் ஒப்பிட்டு, பெயரும் முடிவும் மட்டும் ஒரே பக்கத்தில் வரும்படி நான் புரோகிராம் எழுதினேன். ஒரே பக்கம் வேண்டும் என்று மேனேஜர் கேட்டிருந்தார். எண்கள் இருந்த சோதனைத் தாள்கள் வாடிக்கையாளரின் மதராஸ் அலுவலகத்துக்குப் போயின.

பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதும் தொழிற்சாலையே கொந்தளித்தது. சூசை சார் சோதித்தவர்களில் பதினான்கு பேர் தேறவில்லை. அதில் கருப்பையாவும் ஒருவர். திருவெள்ளறையிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வரும் அவரைவிட நல்ல வெல்டர் நம்மிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. தேறாதவர்கள் அடுத்த தேர்வுவரை ஹெல்ப்பர் வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்கிவிட்டார் என்று பேச்சு எழுந்தது.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சூசை சார் தம் நோட்டைக் காட்டினார்கள். அதில் கருப்பையாவுக்கு 10.8 என்று இருந்தது. மேனேஜர் என்னிடம் திரும்பி, “மிஷின் தப்பு பண்ணியிருக்குமாப்பா?” என்று கேட்டார்.

“மிஷின் தப்பு பண்ணாது சார். போட்டதைத்தான் குடுக்கும்” என்றேன்.

இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. தாளில் ஓர் எண் எழுதி, தொழிலாளர்களுக்குக் காட்ட நோட்டில் வேறு எண் எழுதினார் என்று மெமோ கொடுத்தார்கள். சோதனைக் கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டு, ஸ்டோர் வாசலில் போகும் வரும் வண்டி எண்களைக் குறிக்க உட்கார்த்தினார்கள். தட்டெழுதிய எண்கள் எல்லாம் என் கம்ப்யூட்டரிலேயே இருந்தன. திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பத்து நாட்கள் நான் திறக்கவில்லை. ஸ்டோர் வாசல் வழியாகப் போகாமல் கேன்டீனைச் சுற்றிக்கொண்டு போனேன்.

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் என் மனைவி உள்ளே வந்து, “உங்க ஆபீஸ்காரராம். உள்ள வாங்கோன்னா வரமாட்டேங்கறார்” என்றாள். வெளியே போனேன். கசங்காத வெள்ளைச் சட்டையில் சூசை சார் நின்றிருந்தார்கள். மன்னார்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, காவிரியைத் தாண்டி வந்திருந்தார்கள். கையில் ஒரு தாள்.

தாம் சோதித்த எல்லாருடைய எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதியிருந்தார்கள். தேறவில்லை என்று பட்டியலில் வந்த பெயர்களுக்குச் சிவப்புப் பென்சிலால் டிக். மேலே மூன்று டிக்குகள். அவை 9.5க்குக் குறைந்தவை, நியாயமானவை. பிறகு 9.5 முதல் 9.9 வரை ஒரு டிக்கும் இல்லை. 10.0இல் மறுபடி ஆரம்பித்து, கடைசி வரை அத்தனைக்கும் சிவப்பு.

“நான் பழிவாங்கியிருந்தா எனக்கு ஆகாதவங்களைத்தானே சார் ஃபெயில் பண்ணியிருப்பேன். இதுல பத்துக்கு மேல போனவங்க ஒருத்தர் பாக்கியில்லாம இருக்காங்க. எனக்கு உங்க மிஷினைப் பத்தித் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்குப் பத்து ஒன்பதைவிடச் சின்னதா?”

அவர் குரல் உயரவில்லை. அந்தத் தாளைப் பார்த்த கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் “நாளைக்குப் பாத்துச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொன்னேன். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எல்லா எண்களும் அவர் நோட்டில் இருந்தபடியே இருந்தன, அந்தக் கோட்டோடு. தட்டெழுதிய பெண் உள்ளது உள்ளபடி அடித்திருந்தாள். 10.8 என்பது எண். பின்னால் ஒரு கோடு ஒட்டியதும் அது எண்ணைப் போல இல்லை என்று மொழி முடிவு செய்து, எழுத்தாக எடுத்துக்கொண்டது. எழுத்துகளை ஒப்பிடும்போது அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் முதல் எழுத்தைத்தான் முதலில் பார்க்கும், அது ஒன்றாக இருந்தால்தான் அடுத்ததற்குப் போகும். ஒன்று ஒன்பதுக்கு முன்னால் வருவதால் 10.8 சிறியது, 9.5 பெரியது. ஒன்பதில் தொடங்கும் எண்களில் மட்டும் தற்செயலாகச் சரியான விடை வந்திருக்கிறது. இன்னொரு இன்ஸ்பெக்டர் கோடு போடாதவர், அதனால் அவருடைய ஆட்கள் தப்பினார்கள்.

அன்றாட அறிக்கையிலும் இதே கோடுகள் ஓராண்டாக வந்துகொண்டுதான் இருந்தன. அங்கே தகராறு வரவில்லை. ஏனென்றால் கூட்டும்போது அந்த மொழி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் ஒட்டியிருப்பதைத் தள்ளிவிடும். ஒப்பிடும்போது தள்ளாது. இது எனக்குப் பயிற்சியில் சொல்லித்தரப்பட்ட பாடம். நான் கவனிக்கவில்லை.

சூசை சாரை ஸ்டோரிலிருந்து வரவழைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். கோடில்லாமல் 10.8ஐயும் 9.5ஐயும் ஒப்பிட்டுக் காட்டினேன், சரியாக வந்தது. கோட்டோடு காட்டினேன், தலைகீழாக வந்தது. பிறகு கோட்டோடு இருப்பதனுடன் ஒரு பூஜ்யத்தைக் கூட்டிவிட்டு ஒப்பிட்டேன். பூஜ்யத்தைக் கூட்டினால் மதிப்பு மாறாது, ஆனால் கூட்டச் சொன்னதாலேயே அதை எண்ணாக எடுத்துக்கொள்ளும். விடை சரியாக வந்தது.

திரையில் அந்தப் பூஜ்யத்தைத் தொட்டுக் காட்டினார்கள். “அப்போ இந்தப் பூஜ்யத்தை முதல்லயே கூட்டியிருந்தா?” என்று கேட்டார்கள்.

நான் விசைப்பலகைக்கு உறை மாட்டினேன். மறுபடி கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டார்கள்.

இனி எழுதுவதுதான் கடினம். மேனேஜரிடம் நான் கொடுத்த அறிக்கையில், “சோதனைத் தாள்களில் எண்களின் பின் தேவையற்ற குறி இடப்பட்டிருந்ததால் முடிவுகள் பிறழ்ந்தன” என்று எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. பூஜ்யத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்வளவு செலவில் வாங்கிய கம்ப்யூட்டர், அதற்கு நான் பொறுப்பு, அடுத்த மாதம் பிரிவுத் தலைவர் பதவி எனக்கு வருவதாக இருந்தது. பயந்தேன். பதினோரு வெல்டர்களும் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சூசை சாருக்குப் பழைய மெமோவை ரத்து செய்து, கணினிப் பணியைக் குழப்பியதற்காகப் புதிய எச்சரிக்கை மெமோ கொடுத்தார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்கள். எனக்குப் பதவி வந்தது. அடுத்த ஆண்டு தலைமை இன்ஸ்பெக்டர் இடம் காலியானபோது, அந்த மெமோவைக் காட்டி அவரை விட்டுவிட்டு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள்.

என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மாறாக, மதிய உணவுக்குப் பிறகு அடிக்கடி கம்ப்யூட்டர் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். இந்த மிஷின் எப்படித்தான் ஒப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. ஒரு நாள் 0.1ஐப் பத்து முறை கூட்டச் சொன்னார்கள். திரை 1 என்று காட்டியது. “இது ஒண்ணுக்குச் சமமான்னு கேளுங்க” என்றார்கள். கேட்டேன். இல்லை என்றது. ஒன்றைவிடச் சிறியதா என்று கேட்டேன். ஆம் என்றது. பத்தில் ஒரு பங்கு என்பதை உள்ளே இரண்டின் கூறுகளாகத்தான் வைத்துக்கொள்கிறது, அது மிகச் சரியாக அடங்குவதில்லை, திரையில் ஆறு இலக்கத்துக்கு மேல் காட்டாததால் நமக்கு ஒன்று போலத் தெரிகிறது என்று விளக்கினேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டினார்கள்.

“டயலும் அப்படித்தாங்க. முள்ளு சரியா கோட்டு மேல நின்னதே கிடையாது. நான் இத்தனை வருஷம் பாத்துட்டேன். சமமான்னு கேக்காதீங்க சார். வித்தியாசம் எவ்வளவுன்னு கேளுங்க. அரைக்கோட்டுக்குள்ள இருந்தா சமம்னு வச்சுக்குங்க.”

டயலின் மிகச் சிறிய பிரிவில் பாதி. நம் தொழிற்சாலையின் எல்லாப் புரோகிராம்களிலும் ஒப்பிடும் இடத்தில் இன்றும் அந்த விதிதான் இருக்கிறது. புதிதாக வந்த இளைஞர்கள் அது என் விதி என்று நினைக்கிறார்கள். இல்லை, சூசைராஜ் அவர்களுடையது.

கிறிஸ்துமஸ் அன்று ஆண்டுதோறும் மன்னார்புரத்தில் அவர் வீட்டுக்குப் போவேன். நான் முட்டை சேர்ந்த கேக் சாப்பிடமாட்டேன் என்று அவருடைய துணைவியார் பிலோமினா அம்மா எனக்காகத் தனியாகக் கேசரி கிளறி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் போகும்போதே இன்று சொல்லிவிட வேண்டும் என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போவேன். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, “போயிட்டு வரேன் சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன். நான்கு கிறிஸ்துமஸ் இப்படிப் போயிற்று.

புதன்கிழமை அடக்கம். பெட்டியைத் தூக்கியவர்களில் நால்வர் வெல்டர்கள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குத் தனியாகப் போனேன். பிலோமினா அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, பூஜ்யம், அறிக்கை, மெமோ, பதவி என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவருக்குத் தெரியுங்க” என்றார்கள். “அன்னைக்கே வந்து சொன்னாரு. ரெண்டு நாள் சரியாவே சாப்பிடலை. மெமோவை எதுத்து எழுதுங்கன்னு நான்கூடச் சொன்னேன். ‘நான் எழுதினா அவரு வேலைக்கே ஆபத்து, அவரு வாயாலயே சொல்லட்டும்’னுட்டாரு.”

பிறகு வாசல் பக்கத்து நாற்காலியைக் காட்டிச் சொன்னார்கள்.

“ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீங்க படி இறங்கிப் போனதும் இந்தச் சேர்லதான் வந்து உக்காருவாரு. ‘இந்த வருஷமும் சொல்லலை, பிலோமி’ம்பாரு. கோவமா இல்லீங்க. அப்புறம் அவரே, ‘அடுத்த வருஷம் சொல்லிடுவாரு’ம்பாரு.”

அந்த மெமோவுக்குக் காரணம் நான்தான் என்று நேற்று மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இறந்தவரின் கோப்பைத் திறப்பது வழக்கமில்லை என்கிறார்கள். திறக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை, அதைப் பற்றி இப்போது பயமும் இல்லை.

சூசை சார், உங்கள் தாளில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் என்னுடையது. நீங்கள் கேட்கும் இடத்தில் இருந்தபோது இதைச் சொல்லாதவன், கேட்க முடியாத இடத்துக்கு நீங்கள் போன பிறகு எல்லாரும் கேட்கச் சொல்கிறேன். மன்னியுங்கள். போய் வாருங்கள்.